வர்த்தமானியும் வயல் வரம்பும்

அரசனை வாழ்த்த வேண்டிய சபையிலே ஔவைப் பிராட்டியார் அரசனை விட்டு வயல் வரம்பை வாழ்த்தினார் என்பது நாம் சிறு வயதிலே கேட்ட கதை. சபையோர் முதலில் திகைத்தனர். பின்னர் விளக்கம் கேட்டுத் தெளிந்தனர். வரம்பு நன்றாயிருந்தால் அரசும் நன்றாயிருக்கும் என்பது அதன் கருத்து. இக்கதையை வகுப்பிலே சொல்லும்போதெல்லாம் மாணவர் முகம் மலர்வதைக் காண்கிறேன். ஆயினும், இதன் மறுபக்கத்தை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. வரம்பிலிருந்து அரசுக்குச் செல்லும் வழி ஒன்று உண்டாயின், அரசிலிருந்து வரம்புக்கு வரும் வழியும் ஒன்று இருத்தல் வேண்டும் அன்றோ? அவ்வழியாக வருவதே சட்டம். அது எப்படி வருகின்றது, எப்பொழுது வருகின்றது, வந்தபின் யாருக்குப் பயன்படுகின்றது என்பதையே இவ்வாரம் வாசகர்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

அக்கரைப்பற்றுக்குக் கிழக்கே கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல். இடையேயுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் முஸ்லிம்களும் தமிழருமாகிய நாம் ஒழுங்கைக்கு ஒழுங்கை நெருங்கி வாழ்கின்றோம். 'வேளாண்மை' என்னும் சொல்லுக்குப் பிற இடங்களில் எத்தனை பொருள் உண்டோ அறியேன். இங்கே 'வெள்ளாமை' என்றால் நெல்தான். வழியிலே சந்திக்கும் இருவர் சுகம் விசாரித்தபின் கேட்கும் அடுத்த கேள்வி, "வெள்ளாமை எப்படி?" என்பதாகவே இருக்கும். கடை வைத்திருப்பவரும், ஆசிரியரும், கடலுக்குப் போகின்றவரும் அக்கேள்வியிலிருந்து தப்ப முடியாது. ஏனெனில், அறுவடை பிழைத்த ஆண்டில் கடையிலே கடன் திரும்பாது, பள்ளிக்கூடத்திலே பிள்ளைகள் வரவு குறையும், மீன் விலைப்படாது. ஆகவே, வயலைத் தொடுகின்ற சட்டம் எதுவாயினும் அது ஊர் முழுவதையும் தொடுகின்றது.

*சட்டமா, பேச்சா?*

2021 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசி, நோன்பு மாதம். எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கைகள் தள்ளி வாழும் முதிய விவசாயி ஒருவர் இருக்கிறார். ஊராருக்கு அவர் 'காக்கா'; எனக்கும் அப்படித்தான். ஆண்டுதோறும் நோன்பு மாதத்திலே ஒரு நாளாவது எங்கள் வீட்டுக்குக் கஞ்சி அனுப்பாமல் இருக்கமாட்டார். அவ்வாண்டு தாமே தூக்குச்சட்டியுடன் வந்தார். நோய்ப் பயம் நிலவிய காலமாகையால் படலையடியிலேயே நின்று, கஞ்சியைத் தந்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டார்.

"மாஸ்டர், யூரியா இனி வராதாம் எண்டு கதைக்கிறாங்க. இது சட்டமா, சும்மா பேச்சா?"

நான் சிரித்தேன். "பேச்சுத்தான் காக்கா" என்றேன்.

"கடைக்காரன் இருக்கிறதை இப்பவே எடுத்து வையுங்க எண்டு சொல்றான். எடுக்கிறதெண்டா மகள்ர நகையை ஈடு வைக்க வேணும். அதுதான் உங்களிட்டக் கேட்டன்."

குடியியல் கற்பிக்கும் ஆசிரியன் நான். அவருக்கு ஒரு சிறு விரிவுரையே நிகழ்த்திவிட்டேன். சட்டமூலம் ஒன்று முதலில் வெளியிடப்பட வேண்டும். பின்னர் பாராளுமன்றத்திலே மூன்று முறை வாசிக்கப்பட வேண்டும். அதன்பின் சபாநாயகர் சான்றுரைக்க வேண்டும். மேலும், சேதனப் பசளைக்கு மாறுவதற்குப் பத்து ஆண்டு என்றுதான் 2019 ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்திலே சொல்லப்பட்டது. ஆதலால், வருகின்ற பெரும்போகத்துக்குள் ஒன்றும் நடவாது. நகையை ஈடு வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவரும் மனம் ஆறிப் போனார்.

மே மாதம் 6 ஆம் நாள் அதிவிசேட வர்த்தமானி வெளிவந்தது. இரசாயனப் பசளை, பூச்சிகொல்லி, களைகொல்லி ஆகியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டது. சட்டமூலமும் இல்லை; மூன்று வாசிப்பும் இல்லை.

என் பிழை எங்கே நேர்ந்தது என்பதை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். சட்டம் என்பது ஒன்று. ஒழுங்குவிதி என்பது மற்றொன்று. பாராளுமன்றம் ஒரு சட்டத்தை ஆக்கும்போது, அதன் கீழ் வேண்டிய ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்துவிடுவது வழக்கம். 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்தகையது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையிலிருந்த அச்சட்டத்தின் கீழ் ஓர் ஒழுங்குவிதியை ஆக்கி வர்த்தமானியில் வெளியிடுவதே போதுமானதாயிருந்தது. புதிய சட்டம் வருமோ என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய சட்டத்தின் ஜன்னல் திறந்தே இருந்தது. பாடப்புத்தகத்தில் இரண்டும் உண்டு. முதலாவதை நான் விரிவாகக் கற்பிப்பேன். இரண்டாவதை ஒரு வரியிலே சொல்லிக் கடந்துவிடுவேன். அந்த ஒரு வரிதான் எங்கள் காக்காவின் வயலிலே வந்து விழுந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்த வர்த்தமானி தடுத்தது இறக்குமதியை. கையிலிருக்கும் பசளையை வயலில் இடுவது குற்றம் என்று அதில் கூறப்படவில்லை. ஆனால், ஊரிலே பரவிய செய்தி வேறு. வீட்டிலே இரண்டு மூடை யூரியா வைத்திருந்த ஒருவர், பொலிஸார் வந்துவிடுவார்களோ என்று அஞ்சி, அவற்றை வைக்கோலுக்குள் மறைத்து வைத்தார். மழையில் நனைந்து அவை கரைந்து போயின. சட்டம் செய்யாத தீங்கைச் சட்டத்தைப் பற்றிய அறியாமை செய்தது.

*பயிருக்கும் ஒரு நாட்காட்டி உண்டு*

சேதனப் பசளையை நான் இகழ்வதாக எவரும் எண்ணலாகாது. இலைதழையும் சாணமும் வைக்கோலும் மண்ணுக்கு உயிர் கொடுப்பவை என்பதை எந்த விவசாயியும் மறுக்கமாட்டார். கண்மூடித்தனமாக யூரியாவை அள்ளி வீசும் வழக்கம் குறைய வேண்டும் என்பதும் அறிஞர் கருத்தே. கேள்வி நோக்கத்தைப் பற்றியது அன்று. கணக்கையும் காலத்தையும் பற்றியது.

கணக்கை முதலில் பார்ப்போம். யூரியாவிலே நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. ஆகவே, 50 கிலோ மூடை ஒன்றிலே 23 கிலோ நைதரசன் இருக்கின்றது. நன்கு மக்கிய கூட்டெருவிலே நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு நைதரசனே உண்டு. ஒன்றரைப் பங்கு என்று வைத்துக்கொண்டால், அந்த 23 கிலோவைப் பெற ஏறக்குறைய 1,500 கிலோ கூட்டெரு வேண்டும். ஏக்கருக்கு இரண்டு மூடை யூரியா இடுகின்றவர் அதற்கு ஈடாக மூன்று தொன் எருவை வயலுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது பதினைந்து தொன். அவ்வளவு எருவை ஒரே போகத்திற்குள் எங்கே ஆக்குவது, எந்த வண்டியிலே ஏற்றுவது?

இனிக் காலத்தைப் பார்ப்போம். நமது பகுதியிலே பெரும்போகம் ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பாகி மாசி, பங்குனியிலே அறுவடையாகும். விதைத்த சில வாரங்களுக்குள் முதற் பசளை இட்டாக வேண்டும். பயிர் வெடிக்கும் பருவத்தில் அடுத்தது. குடலை பருவத்துக்கு முன் மற்றொன்று. பருவம் தவறி இட்ட பசளை இடாத பசளையே. கூட்டெருவோ மெல்ல மெல்ல மக்கி, பல போகங்களில் பயன் தருவது. இந்தியாவின் மலை மாநிலமாகிய சிக்கிம் முற்றிலும் சேதன விவசாயத்துக்கு மாறுவதென்று 2003 ஆம் ஆண்டில் முடிவு செய்து, 2016 ஆம் ஆண்டிலேதான் அதை நிறைவேற்றியதாக அறிவித்தது. சிறிய மாநிலம் ஒன்றுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. நமக்கு அளிக்கப்பட்டது ஒரு போகம்.

பேராதனைப் பல்கலைக்கழக விவசாய அறிஞர்கள் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை ஏற்கப்படவில்லை. சீனாவிலிருந்து கப்பலிலே வந்த சேதனப் பசளை, தீங்கு விளைக்கும் பக்டீரியா இருப்பதாகக் கூறி மறுக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் விமானத்திலே தருவிக்கப்பட்டது. இவையெல்லாம் நிகழ்ந்து முடிவதற்குள் பயிர் தன் நாட்காட்டிப்படி வளர்ந்து, மஞ்சளித்து, தளர்ந்துவிட்டது. 2021 நவம்பர் மாதக் கடைசியிலே தடை நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று; ஆனால், யூரியா வரவில்லை. உலகச் சந்தையிலே விலை ஏறியிருந்தது, நாட்டிலே அந்நியச் செலாவணி வற்றியிருந்தது, மானியமும் இல்லை. முன்பு 1,500 ரூபாய் அளவில் விற்ற மூடையின் விலை அடுத்த ஆண்டிலே பத்து மடங்குக்கும் மேலாயிற்று.

நாடு முழுவதும் 2020/21 பெரும்போகத்திலே 30 இலட்சம் தொன்னாக இருந்த நெல் விளைச்சல், 2021/22 பெரும்போகத்திலே 20 இலட்சம் தொன்னுக்கும் குறைந்தது. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு 40,000 மில்லியன் ரூபாய் நட்டஈடு வழங்கப்படும் என்று 2022 ஜனவரியிலே அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்திலே, அந்தக் கொள்கையை வகுத்த ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டுச் சென்று பதவி துறந்தார். இவை வரலாற்றிலே எழுதப்படும். எங்கள் காக்காவின் வயலிலே ஏக்கருக்கு முப்பது மூடையாக விளைந்த நெல் பன்னிரண்டு மூடையானது எந்த வரலாற்றிலும் எழுதப்படாது. ஆதலால் இங்கே எழுதுகின்றேன்.

அறுவடை முடிந்தபின் அவரைக் காணச் சென்றேன். என்ன சொல்வதென்று அறியாமல் நின்றேன். அவர்தாம் முதலிலே பேசினார். "உங்கட பிழை இல்லை மாஸ்டர். படிச்ச ஆக்கள் எல்லாரும் அப்படித்தானே நினைச்சாங்க" என்றார். வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நகை ஈடு வைக்கப்பட்டது என்பதைப் பின்னர் அறிந்தேன். பசளை வாங்குவதற்காக அன்று, வீட்டுச் செலவுக்காக.

*பாட்டனார் சொன்ன மறுமொழி*

சட்டம் பேச்சுக்குப் பின்னால் உடனே வந்து நம்மை வீழ்த்திய கதை இது. பேச்சு நெடுங்காலம் முன்னே வந்து, சட்டம் மெல்லப் பின்னே வந்ததனால் வீழ்ந்த கதை ஒன்றும் எங்கள் குடும்பத்திலே உண்டு. அதை என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அக்காலத்தில் நமது வயல்களிலே போடியார் என்று ஒருவர் உண்டு. முல்லைக்காரர் என்று ஒருவர் உண்டு. காணி போடியாருடையது. விதைநெல்லும், உழவுக்கு எருமையும், இடைக்காலத்துச் சாப்பாட்டுக்குக் கடனும் அவர் கொடுப்பார். முல்லைக்காரர் வயலிலே நின்று, வாடியிலே உறங்கி, வேளாண்மையைப் பார்ப்பார். களவெட்டியிலே பொலி தூற்றியபின், கொடுத்தவை யாவும் கழிக்கப்பட்டு, எஞ்சியதில் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கும். இவையெல்லாம் வாய்ச்சொல்லிலே நடந்தன. எழுத்து என்பது கிடையாது.

1953 ஆம் ஆண்டிலே நெற்காணிச் சட்டம் ஒன்று ஆக்கப்பட்டது. அது மட்டக்களப்பு, அம்பாந்தோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலேயே முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. அம்பாறை மாவட்டம் 1961 ஆம் ஆண்டிலே பிரிக்கப்படும்வரை அக்கரைப்பற்று மட்டக்களப்பு மாவட்டத்திலே அடங்கியிருந்தது. ஆகவே, இலங்கையிலே குத்தகை விவசாயியைக் காப்பதற்கென எழுந்த முதற் சட்டம் பரீட்சித்துப் பார்க்கப்பட்ட வயல்களுள் நமது வயல்களும் சேரும். அச்சட்டம் எழுத்திலான ஒப்பந்தத்தை எதிர்பார்த்தது. போடியாரிடம் சென்று, "ஐயா, நமக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதுவோம்" என்று கேட்கக்கூடிய முல்லைக்காரர் யார்? அவ்வாறு கேட்கும் துணிவு அவருக்கு இருந்திருந்தால் அவருக்குச் சட்டமே தேவைப்பட்டிராது. அச்சட்டம் பயன் தராமலே போயிற்று.

பின்னர் வந்தது 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம். விவசாய, உணவு அமைச்சராயிருந்த பிலிப் குணவர்தன கொண்டுவந்தது அது. குத்தகை விவசாயியைக் காணியிலிருந்து எழுப்பலாகாது. அவ்வுரிமை அவருக்குப்பின் அவர் வழியினருக்கும் செல்லும். காணிக்காரருக்குக் கொடுக்கும் பங்குக்கு ஒரு மேலெல்லை உண்டு. வயல் நிருவாகத்தை விவசாயிகளே தெரிந்தெடுக்கும் பயிர்ச்செய்கைக் குழுக்கள் பார்க்கும். பழைய வட்டை விதானைமாரின் கையிலிருந்த பொறுப்புகள் அக்குழுக்களிடம் செல்வதாயிற்று. இதனினும் நல்ல நோக்கமுள்ள சட்டம் நமது வயல்களுக்கு அதற்குமுன் வந்ததில்லை.

ஆனால், அதைப் பற்றிய பேச்சு வெகு காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. சட்டமும் நாடு முழுவதற்கும் ஒரே நாளிலே வராமல் மாவட்டம் மாவட்டமாக நடைமுறைக்கு வந்தது. அந்த இடைக்காலம் யாருக்குப் பயன்பட்டது? பத்திரிகை வாசிக்கத் தெரிந்தவருக்கு. பட்டணத்திலே சட்டத்தரணியைத் தெரிந்தவருக்கு. காணிக்காரர் பலர் குத்தகையாளரை எழுப்பிவிட்டுக் கூலிக்கு ஆள் வைத்தனர். வெளியேற்றப்பட்டோம் என்று நாடெங்கும் பல்லாயிரம் முறைப்பாடுகள் வந்தன. 1961 ஆம் ஆண்டிலும் 1964 ஆம் ஆண்டிலும் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

எங்கள் ஊரிலே விசாரணைக்கு ஓர் உத்தியோகத்தர் வந்தாராம். என் பாட்டனாரையும் போடியாரையும் ஒரே இடத்திலே நிறுத்தி, "நீர் இக்காணியின் குத்தகைக்காரரா?" என்று பாட்டனாரிடம் கேட்டாராம். 'ஆம்' என்ற ஒரு சொல்லிலே மூன்று ஏக்கர் வயலின்மேல் தலைமுறை உரிமை இருந்தது. பாட்டனார் போடியாரின் முகத்தைப் பார்த்தார். வீட்டிலே விதைநெல் இல்லை. எருமை இல்லை. அந்த மாதத்துக்கு அரிசியும் போடியார் வீட்டிலிருந்துதான் வந்திருந்தது. "நான் போடியார்ர ஆள்" என்று சொன்னாராம். உத்தியோகத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டு சென்றார். இரண்டு போகங்களுக்குப்பின், "மருமகன் வயலைப் பார்க்க விரும்புகிறான்" என்று சொல்லிப் போடியார் அவரை நிறுத்திவிட்டார்.

பாட்டியார் இதைச் சொல்லும்போது போடியாரை ஒரு நாளும் வையவில்லை. "காணியைத் தந்த சட்டம் விதைநெல்லைத் தரவில்லையே, மகன்" என்பார். அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். எனினும், பட்டம் பெற்ற நான் நூலகத்திலே தேடி அறிந்ததைவிட அவ்வொரு வாக்கியத்திலே அதிகம் இருக்கின்றது.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றிலே சட்டம் வேகமாக வந்தது. மற்றொன்றிலே மெல்ல வந்தது. இரண்டிலும் தோற்றவர் வரம்பிலே நின்றவரே. ஆகவே, வேகமோ தாமதமோ மட்டும் காரணமன்று. பேச்சுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள நாட்கள், செய்தியைச் சரியாக அறிந்தவருக்கே சொந்தமாகின்றன. அறியாதவருக்கு அந்த நாட்கள் இருந்தும் இல்லாதவையே.

*வரம்பிலே பிறக்கும் சட்டம்*

சட்டம் என்றாலே நம்மவருக்கு ஆகாதது என்ற முடிவுக்கு எவரும் வந்துவிடலாகாது. ஆண்டுக்கு இருமுறை நம் கண்முன்னே ஆக்கப்பட்டு, நம்மாலே மதிக்கப்படும் சட்டம் ஒன்று உண்டு. போகம் தொடங்குமுன் நடைபெறும் ஆரம்பக் கூட்டத்தையே குறிப்பிடுகின்றேன். நீர்ப்பாசனக் குளத்தின் கீழ் வயல் செய்வோர் கூடுகின்றனர். அரசாங்க உத்தியோகத்தர் தலைமை தாங்குகின்றார். தண்ணீர் திறக்கும் நாள் எது, விதைப்பு முடியவேண்டிய நாள் எது, எந்த நாளுக்குள் கால்நடைகளை வயற்புறத்திலிருந்து அகற்ற வேண்டும், வாய்க்கால் துப்புரவாக்கும் பொறுப்பு யாருடையது என்பனவெல்லாம் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. அத்தீர்மானங்களுக்கு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சட்ட வலு உண்டு. மீறினால் வழக்கும் உண்டு.

அக்கூட்டத்திலே சண்டை நடவாத ஆண்டில்லை. மேட்டு வயற்காரர் ஒரு நாளைக் கேட்பார். கடை மடைக்காரர் வேறொரு நாளைக் கேட்பார். மாட்டுக்காரர் எழுந்து, "எங்கட மாடு எங்க போறது?" என்பார். ஆனால், கூட்டம் முடிந்தபின் அந்த நாட்களை ஊரிலே அறியாதவர் எவருமில்லை. தேநீர்க்கடையிலே, பள்ளிவாசல் முற்றத்திலே, கோயில் வீதியிலே அதே பேச்சு. அதை மீறுபவர் மிகச் சிலரே. காரணம் எளிது. அச்சட்டம் பயிரின் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே எழுதப்படுகின்றது. அதனால் பாதிக்கப்படுவோர், அது ஆக்கப்படும் இடத்திலே நின்று தம் வாயினாலே பேசுகின்றனர். 1953 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 2021 ஆம் ஆண்டு வர்த்தமானிக்கும் இவை இரண்டும் வாய்க்கவில்லை.

அக்கூட்டத்திலே நான் கண்ட குறை ஒன்றே. நரைத்த தலைகளையே அங்கே காண்கின்றேன். இளைஞரைக் காண்பது அரிது. பெண்களைக் காண்பது அதனினும் அரிது. தந்தை இறந்தபின் வயலைப் பொறுப்பேற்று நடத்தும் பெண்கள் நம் ஊரிலே பலர் உண்டு. அவர்களுக்கும் அங்கே இருக்கை வேண்டும்.

*எந்த மொழியிலே?*

செய்தியை அறிதல் என்னும்போது மொழியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் 1961 ஜனவரி முதலாம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்நாள் முதல் எத்தனையோ வீடுகளிலே அரசாங்கக் கடிதம் என்பது, வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி ஊர் சுற்றும் கடதாசியாகிவிட்டது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது; 1988 ஆம் ஆண்டின் 16 ஆம் திருத்தம் அதை விரித்துரைத்தது. அரசாங்க அலுவலகத்தோடு தமிழிலே தொடர்பு கொள்ளவும் தமிழிலே மறுமொழி பெறவும் நமக்கு உரிமை உண்டு. இன்றும் சில வேளைகளிலே தமிழ்ப் பிரதி பிந்தி வருவதுண்டு. சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்திலே கையொப்பமிட வேண்டிய கடைசி நாள், கடிதம் வந்த நாளுக்கு முந்திய நாளாக இருந்தது. உரிமை ஏட்டிலே இருந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்டுப் பெறும் வழக்கமும் வேண்டும்.

கேட்பதற்கு இன்று ஒரு கருவியும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பசளை எவ்வளவு வந்தது, யாருக்குப் பங்கிடப்பட்டது, நட்டஈட்டுப் பட்டியலிலே ஒருவருடைய பெயர் ஏன் இல்லை என்பன போன்றவற்றை எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம். கேட்டதற்குரிய காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தெரிவிப்பது அலுவலகத்தின் கடமை. என் பாட்டனார் காலத்திலே இத்தகைய சட்டம் இல்லை. இருந்திருந்தாலும் அவருக்கு எழுதத் தெரியாது. அவருடைய பேரனுக்கு எழுதத் தெரியும். ஆயினும், எங்கள் காக்காவுக்காக அவன் ஒரு கடிதமும் எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியவனாயிருக்கிறேன்.

*வீட்டிலே ஒரு வாசகர்*

மாணவச் செல்வங்களே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிய காரியம் அன்று. உங்கள் வீட்டுக்கு ஓர் அறிவித்தல் வந்தால், அல்லது ஊரிலே ஒரு சட்டத்தைப் பற்றிய பேச்சு எழுந்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எழுத்திலே வெளிவந்துவிட்டதா, வெறும் பேச்சா? எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வருகின்றது? இதிலே தடுக்கப்படுவது எது, தடுக்கப்படாதது எது? இம்மூன்றுக்கும் விடை தெரியும்வரை 'எனக்குத் தெரியும்' என்று சொல்லாதீர்கள். வர்த்தமானி இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றது. வேறு எத்தனையோ காரியங்களுக்கு அதைத் திறக்கின்ற நீங்கள் வாரத்திலே ஒரு முறை தந்தைக்காக, தாய்க்காக, அயல் வீட்டு முதியவருக்காக அதைத் திறத்தல் ஆகாதா?

நானும் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ஒழுங்குவிதி என்னும் பாடத்தை இப்பொழுது ஒரு வரியிலே கடப்பதில்லை. வாரக் கடைசிப் பாடவேளையின் இறுதிப் பத்து நிமிடங்களிலே, அவ்வாரம் வெளிவந்த அறிவித்தல் ஒன்றை மாணவர் எழுந்து வாசிக்கின்றனர். எளிய தமிழிலே விளக்குகின்றனர். முதலிலே சிரிப்பும் சலிப்புமாக இருந்தது. ஒரு நாள் ஒரு மாணவி எழுந்து, "சேர், எங்கட வாப்பா இதைக் கேட்டுவரச் சொன்னவர்" என்று ஒரு கடதாசியை நீட்டினாள். கமநல சேவை நிலையத்திலே விதைநெல் மானியத்துக்குப் பதிவு செய்வது பற்றிய அறிவித்தல் அது. கடைசி நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

சென்ற பெரும்போகம் தொடங்குமுன் காக்கா மறுபடியும் படலையடிக்கு வந்தார். கையிலே ஒரு துண்டு அறிவித்தல். "மாஸ்டர், இது சட்டமா, பேச்சா?" என்று அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை நான் சிரிக்கவில்லை. "தெரியாது காக்கா. உள்ளே வந்து இருங்கள், வாசித்துப் பார்ப்போம்" என்றேன். இருவருமாகத் திண்ணையிலே இருந்து, கடைசி வரிவரை வாசித்தோம்.